பால் பத்தலையா, பக்கத்தில் ஆள் பத்தலையா?

பிரசவ வார்டில் மூன்றாம் நாள் இரவு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் விடிகிறது. முதல் இரண்டு நாள் தூங்கி வழிந்த குழந்தை திடீரென்று விடாமல் அழும். மார்பில் வைத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு வீறிடும். தாய்க்குத் தையல் வலி, இடுப்பு வலி, கண்ணில் மூன்று நாள் தூக்கம். பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்த பாட்டி எட்டிப் பார்த்து, "புள்ளைக்குப் பால் பத்தல போலிருக்கே" என்பார். அவ்வளவுதான். கணவர் மருந்துக்கடைக்கு ஓடுவார். விடிவதற்குள் பவுடர் டின் வந்து சேர்ந்துவிடும்.

பாட்டி பொல்லாதவர் இல்லை. பச்சைக் குழந்தை அழுகிறதே என்ற பதைப்பில் சொன்னது அது. ஆனால் மூன்றாம் நாள் என்பது பால் இறங்கப்போகிற நாள். நஞ்சுக்கொடி வெளியேறியதும் தாயின் உடலில் புரோஜெஸ்டிரோன் சட்டென்று சரிகிறது. அதுவரை அது அடைத்து வைத்திருந்த பால் சுரப்பு, இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் திறந்துகொள்கிறது. தலைப்பிரசவம், சிசேரியன், சர்க்கரை நோய், அதிக இரத்தப்போக்கு என்று ஏதாவது இருந்தால் இன்னும் ஓரிரு நாள் தள்ளிப்போகலாம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். ஆகவே பல வீடுகள் இந்தத் தாமதத்தை எதிர்பார்த்தே இருக்கலாம்.

அதுவரை சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் கொஞ்சம்தான். குழந்தைக்கு வேண்டியதும் கொஞ்சம்தான். முதல் நாளில் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லி, அதாவது அரைத் தேக்கரண்டியிலிருந்து இரண்டு தேக்கரண்டி. மூன்றாம் நாள் குழந்தை அடிக்கடி மார்பைத் தேடுவது, இனிமேல் இவ்வளவு வேண்டும் என்று கொடுக்கும் ஆர்டர் மாதிரி. பவுடர் பால் நடுவில் புகுந்தால் அந்த ஆர்டர் ரத்தாகிவிடுகிறது. வயிறு நிறைந்த குழந்தை நான்கு மணி நேரம் தூங்கும், மார்பு இறைக்கப்படாமல் கிடக்கும், அடுத்த வேளைக்குப் பால் உண்மையிலேயே குறையும். இறைத்த கிணறுதான் ஊறும் என்பது இங்கே அப்படியே பொருந்துகிற உடலியல்.

சீம்பாலுக்கு முன்னால் சேனை வைப்பதும் அதே வேலையைச் செய்கிறது. சர்க்கரைத் தண்ணீரோ தேனோ, வீட்டில் யோகமான ஒருவர் நாக்கில் தொட்டு வைத்தால் அந்தக் குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கலாம். தெருவில் விற்க வரும் கழுதைப்பாலிலும் கிருமி ஆபத்து உண்டு. சடங்கை விட மனமில்லாத வீட்டில், அந்த யோகக்காரரின் விரலில் ஒரு சொட்டுச் சீம்பாலை எடுத்துக் கொடுத்துவிடலாம். சடங்கும் நடக்கும், குழந்தைக்கும் கேடில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பத்துக் குழந்தைகளில் ஆறுக்குத்தான் அது வாய்த்திருந்தது.

துணியைப் பார்த்தால் தெரியும்

பால் போதுமா என்பதை மார்பின் பருமனைப் பார்த்துச் சொல்ல முடியாது. பீய்ச்சிப் பார்த்தும் சொல்ல முடியாது. குழந்தை இழுக்கும் அளவுக்குக் கையோ கருவியோ இழுப்பதில்லை. குழந்தை நனைக்கும் துணியைப் பார்த்துச் சொல்லலாம். ஐந்தாறு நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு துணியாவது நன்றாக நனைய வேண்டும். கறுப்பாக, தார் போலப் போன மலம் நான்கைந்து நாளில் மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். எடை முதலில் குறையத்தான் செய்யும். பிறந்த எடையில் 7 சதவீதம் வரை குறைவது சாதாரணம். 10 சதவீதத்தைத் தொட்டால் மருத்துவர் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலான குழந்தைகள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். இந்தக் கணக்கு சரியாக இருக்கும்வரை, மாலை ஆறு மணிக்கு மேல் குழந்தை அரை மணிக்கொரு தரம் பால் கேட்டு அழுதாலும் அது பசியில் வாடுகிறது என்று பொருளில்லை. சாயங்கால வேளையில் பல குழந்தைகள் அப்படித்தான். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிப்பது இயல்பு.

துணி நனையவில்லை, எழுப்பினாலும் குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடக்கிறது, மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கிவிட்டது, உடம்பு சுடுகிறது அல்லது சில்லிட்டிருக்கிறது என்றால் அது பாட்டி வைத்தியத்துக்கான நேரமில்லை. அன்றே, இரவானாலும், மருத்துவமனைதான்.

மார்க்காம்பு வெடித்து இரத்தம் கசியும் பெண்களிடம், முதல் குழந்தை என்றால் அப்படித்தான், பொறுத்துக்கொள் என்று சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. முதல் சில விநாடி சுருக்கென்று இருக்கலாம். வேளை முழுவதும் வலித்தால் குழந்தையின் வாய் சரியாகப் பதியவில்லை என்று அர்த்தம். அதன் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். மூக்கு காம்புக்கு நேராக வரட்டும். கொட்டாவி விடுவது போல வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, அந்த நொடியில் குழந்தையை மார்புக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். தாய் கூன் போட்டு மார்பைக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோனால் முதுகும் போகும், பிடிப்பும் போகும். காம்பு மட்டுமல்லாமல் அதைச் சுற்றிய கருவளையத்தில் பெரும்பகுதி, முக்கியமாகக் கீழ்ப்பகுதி, வாய்க்குள் போயிருக்க வேண்டும். தாடை மார்பில் இடிக்கும், கன்னம் குழி விழாது, விழுங்கும் சத்தம் கேட்கும். பிடிப்பு சரியில்லை என்றால் வாயோரத்தில் சுண்டு விரலை நுழைத்து விடுவித்து மறுபடி முயலலாம். சிசேரியன் ஆனவர்களுக்கு ஒருக்களித்துப் படுத்தபடி கொடுப்பது எளிது. குழந்தையின் உடம்பைக் கைக்கு அடியில், இடுப்புக்குப் பக்கவாட்டில் இடுக்கிக்கொண்டு கொடுத்தாலும் தையல் மேல் பாரம் விழாது. இதை எழுத்தில் படித்துக் கற்றுக்கொள்வது நீச்சலைப் புத்தகத்தில் கற்றுக்கொள்வது போலத்தான். வார்டை விட்டு வருமுன் செவிலியரை ஒரு வேளையாவது பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லிக் கேட்பது தாயின் உரிமை.

பால் கட்டிக்கொண்டால் நிறுத்தக் கூடாது, தொடர்ந்து கொடுக்க வேண்டும். கொடுத்து முடித்ததும் குளிர்ந்த துணி ஒத்தடம் இதம் தரும். முரட்டுத்தனமாகப் பிசைந்து விடுவது வீக்கத்தைக் கூட்டும். மார்பின் ஒரு பகுதி சிவந்து, காய்ச்சலும் குளிரும் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

வீடு நிறைய ஆள், அவளுக்கு யாருமில்லை

சுரப்பது ஒரு வேலை, சுரந்தது வெளியே வருவது இன்னொரு வேலை. முதலாவதை நடத்துவது புரோலாக்டின். இரண்டாவதை நடத்தும் ஆக்ஸிடோசின் கொஞ்சம் சங்கோஜி. பயம், வலி, பத்துப் பேர் சுற்றி நின்று பார்க்கும் கூச்சம் ஆகியவற்றில் அது தயங்கி நின்றுவிடும். மார்பில் பால் இருக்கும், இறங்காது. குழந்தை அழும். "பால் பத்தல" என்று மறுபடி யாராவது சொல்வார்கள், பயம் இன்னும் கூடும்.

இந்தச் சுழலை உடைக்க வீட்டில் உள்ளவர்கள் பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் முருங்கைக்கீரையும் சமைக்கிறார்கள். எந்தப் பதார்த்தமும் பாலைப் பெருக்கும் என்பதற்கு உறுதியான சான்று குறைவு. ஆனால் பால் கொடுக்கும் முதல் ஆறு மாதத்தில் தாய்க்கு நாளொன்றுக்கு 600 கிலோ கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். அதை யாரோ ஒருவர் சமைத்து, சுடச்சுட எடுத்து வந்து, சாப்பிடும்வரை குழந்தையை வாங்கி வைத்துக்கொள்வதில் இருக்கிற பலன் பெரிது. பத்தியத்தின் மறுபக்கம்தான் சங்கடம். காய்கறி கூடாது, பழம் குளிர்ச்சி, தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று அடுக்கினால் மலச்சிக்கலும் சோர்வும்தான் மிஞ்சும். தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் குடிக்க வேண்டும். வெந்நீராகத்தான் தருவோம் என்று வீட்டார் சொன்னால் அதில் சண்டை வேண்டாம், வெந்நீரே ஆகட்டும்.

வேலூர் மாவட்டக் கிராமங்களில் 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்திலும் சந்தித்துப் பேசி நடத்திய ஆய்வொன்று 2002இல் வெளியானது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். என்னென்ன சூழலில் அது வந்தது என்ற பட்டியல் எந்தத் தமிழ் வீட்டுக்கும் பழக்கமானது: வருமானக் குறைவு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்து பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பங்கள், கைவேலைக்கு உதவி இல்லாமை. இந்தக் கடைசி இரண்டு சொல்லை அடிக்கோடிட வேண்டும். துணி துவைக்க, குழந்தையைக் குளிப்பாட்ட, ராத்திரி ஏப்பம் விட வைக்க ஒரு கை இல்லாதது ஒரு பெண்ணின் மனதை நோயாளியாக்கும் அளவுக்குப் பெரிய காரணம்.

குழந்தையைப் பார்க்க வருகிறவர்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி. "யார் ஜாடை?", "ஏன் இவ்வளவு இளைச்சிருக்கு?", "நார்மலா, ஆபரேஷனா?" என்ற மூன்று கேள்விகளோடு வருகிறார்கள், காபி குடிக்கிறார்கள், போகிறார்கள். வாசலில் நின்று, "அவ இப்பத்தான் கண்ணசந்தா, சாயங்காலம் வாங்க" என்று சொல்லத் தெரிந்த ஒரு அத்தையோ சித்தியோ வீட்டில் இருப்பது முருங்கைக்கீரையைவிட மேல்.

அப்பா எங்கே

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நல்ல ஏற்பாடு. பெண்ணுக்கு அம்மாவின் கை கிடைக்கிறது. ஆனால் அதில் அப்பா ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி ஆகிவிடுகிறார். மாப்பிள்ளைக்கு மட்டன் வைக்கிறார்கள், குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறார்கள், அழுதால் வாங்கிக்கொள்கிறார்கள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ சீரோடு கொண்டுபோய் விடும்போது, துணி மாற்றக் கூடத் தெரியாத ஒருவரும், தாய்வீட்டு உதவி ஒரே நாளில் நின்றுபோன ஒருத்தியும் ஒரே அறையில் குழந்தையோடு நிற்கிறார்கள். பிரசவம் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டதால் இனிமேல் கவலை இல்லை என்று எல்லோரும் நினைக்கும் அந்த நேரத்தில்தான் பல பெண்கள் சரிகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிற அப்பா, வந்த அன்று ஒரு இரவாவது அதே அறையில் தங்கினால் நல்லது. பால் கொடுப்பது தவிர மற்றதெல்லாம் அவரால் முடியும். அழும் குழந்தையைத் தூக்கிவந்து மனைவியின் பக்கத்தில் கிடத்துவது, குடித்து முடித்ததும் தோளில் போட்டுத் தட்டுவது, துணி மாற்றுவது, தூளி ஆட்டுவது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு ஆண்களுக்கும் வருகிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான கட்டுரை ஏறத்தாழ 10 சதவீத அப்பாக்களிடம் அதைக் கண்டது. அழுகையாகத்தான் வர வேண்டும் என்றில்லை. எரிச்சலாக, வேலையில் மூழ்குவதாக, குடியாகவும் வெளிப்படலாம்.

அழுகைக்கு ஒரு கணக்கு

பிரசவமான இரண்டு மூன்று நாளில் காரணமில்லாமல் கண்ணீர் வருவது பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு நடக்கிறது. டீ ஆறிப்போனதற்கு அழுகை, குழந்தையின் விரலைப் பார்த்து அழுகை. இரண்டு வாரத்துக்குள் தானாக வடிந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும், மருந்து தேவையில்லை.

இரண்டு வாரம் கடந்தும் போகவில்லை, அல்லது ஒரு மாதம் கழித்துப் புதிதாக வந்தது என்றால் அது வேறு. குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராது. சோறு இறங்காது. குழந்தையைத் தொடவே பிடிக்காது, அல்லது அதற்கு ஏதோ ஆகிவிடும் என்று ஓயாத பயம். "நான் ஒரு அம்மாவே இல்ல" என்ற பேச்சு. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரை, 22 சதவீதத் தாய்மாருக்கு இந்த நிலை இருப்பதாகக் கணக்கிட்டது. வீட்டில் இதற்கு வைக்கும் பெயர்கள் சோம்பல், திமிர், காத்து கருப்பு. எடின்பரோ அளவுகோல் என்று 1987இல் வந்த பத்துக் கேள்வி வினாத்தாள் ஒன்று இருக்கிறது. அதன் தமிழ் வடிவத்தையும் சோதித்துச் சரிபார்த்து 2005இல் வெளியிட்டிருக்கிறார்கள். நிரப்ப ஐந்து நிமிடம் போதும். தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுபோகும் நாளில் தாய்க்கும் அதைக் கேட்டுப் பாருங்கள் என்று மருத்துவரிடம் சொல்லலாம்.

சிகிச்சை என்றால் முதலில் பேச்சு, தேவைப்பட்டால் மாத்திரை. மாத்திரை போட்டால் பாலை நிறுத்த வேண்டுமே என்ற பயத்தில் பலர் போவதில்லை. செர்ட்ராலின் போன்ற சில மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன. பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடியதை மருத்துவர் தேர்ந்து தருவார். தானாகத் தொடங்குவதும் தானாக நிறுத்துவதும்தான் கூடாது.

ஆயிரத்தில் ஓரிருவருக்கு வருவது மூன்றாவது வகை. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில், திடுமென்று. இரண்டு மூன்று நாள் பொட்டுத் தூக்கம் இல்லாமல், சம்பந்தமில்லாத பேச்சு, குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்ற சந்தேகம், காதில் குரல். இது அவசர நிலை. தாயையும் குழந்தையையும் தனியாக விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். கோயிலுக்கும் மந்திரிக்கவும் போவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இந்த நோய் குணமாகும். பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறும் தனிப்பிரிவே இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் இரவு பகலாக, கட்டணமின்றி, தமிழிலும் இயங்குகிறது. பேசுவது தாயாகவே இருக்க வேண்டியதில்லை. "என் மருமக பேசவே மாட்டேங்குறா" என்று மாமியாரும் கூப்பிடலாம்.

டின்னும் பாலாடையும்

சில தாய்மாருக்கு உண்மையிலேயே பால் போதாது. தைராய்டு கோளாறு, உள்ளே தங்கிவிட்ட நஞ்சுத் துணுக்கு, மார்பில் செய்த அறுவை சிகிச்சை, சுரப்புத் திசுவே குறைவாக அமைந்த உடல்வாகு என்று காரணங்கள் உண்டு. மருத்துவர் சொல்லிப் பவுடர் பால் கொடுக்கிற வீட்டில் அது குற்றமல்ல. டின் சீக்கிரம் தீர்கிறதே என்று தண்ணீரைக் கூட்டிக் கரைப்பதுதான் ஆபத்து. 1992ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் பவுடர் பாலுக்கு விளம்பரமும் இலவச மாதிரியும் கூடாது என்கிறது. யாராவது இலவச டின் நீட்டினால் அது சட்டத்துக்குப் புறம்பு என்று தெரிந்திருப்பது நல்லது.

எந்தப் பாலானாலும் புட்டியைவிடப் பாலாடைக் கிண்ணம் மேல். கொதிக்கவைத்துக் கழுவ எளிது. குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள், அதே பெயரில். வேலைக்குத் திரும்பும் தாய் பீய்ச்சி வைக்கும் பால், 25 டிகிரி வரையான அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் கெடாது. சென்னை மே மாதத்துக்கு அந்தக் கணக்கு ஆகாது. பீய்ச்சியதும் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். 2017 முதல் தனியார் நிறுவனங்களில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் விடுப்பு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரும் அனுமதியும் சட்டப்படி கிடைக்க வேண்டும். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021இலிருந்து ஓராண்டு. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு இதெல்லாம் ஏட்டளவில்தான். பேருந்து நிலையங்களில் 2015இல் திறந்த பாலூட்டும் அறைகளும் சில ஊர்களில் பூட்டியே கிடக்கின்றன. சாவி யாரிடம் என்று நேரக் காப்பாளரிடம் சத்தமாகக் கேட்டால் திறக்கிறார்கள்.

குழந்தை இல்லாத வீட்டிலும் பால் இறங்கும்

குழந்தை இறந்து பிறந்தாலும், பிறந்து சில நாளில் தவறினாலும் உடலுக்கு அது தெரியாது. மூன்றாம் நாள் மார்பு கனக்கும், ரவிக்கை நனையும். அந்தத் தாயிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பவர் அநேகமாக யாரும் இல்லை. இறுக்கமில்லாமல் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை, குளிர் ஒத்தடம், வலி தீருமளவுக்கு மட்டும் கொஞ்சம் பீய்ச்சிவிடுவது ஆகியவற்றால் சில நாளில் சுரப்பு வற்றும். தேவைப்பட்டால் மருத்துவர் மாத்திரை தருவார். மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். பால் நிறுத்தும் மருந்தான புரோமோகிரிப்டினோடு அதை ஒப்பிட்ட ஆய்வொன்று 1988இல் வெளியாகி, பூவும் சுரப்பைக் குறைக்கிறது என்றது. சில தாய்மார் அந்தப் பாலைத் தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்க விரும்புவதும் உண்டு. மும்பை சயான் மருத்துவமனையில் 1989இல் தொடங்கிய இந்த வங்கிகள் இப்போது தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலும் இருக்கின்றன. விருப்பமா என்று கேட்கலாம், வற்புறுத்தக் கூடாது.

இந்த வீடுகளில் உறவினர்கள் நல்லெண்ணத்தோடு அவசர அவசரமாகச் செய்கிற ஒரு காரியம் இருக்கிறது. தாய் மருத்துவமனையிலிருந்து திரும்புவதற்குள் தூளியை அவிழ்த்து, வாங்கி வைத்த சட்டைகளையெல்லாம் யாருக்கோ கொடுத்துவிடுகிறார்கள். பார்த்தால் அழுவாளே என்று. அவளைக் கேட்டுச் செய்யலாம். ஒரு சட்டையை அவள் பீரோவில் வைத்துக்கொள்ள விரும்பினால் வைத்துக்கொள்ளட்டும். மத்திய அரசுப் பணியில் இருக்கும் பெண்ணுக்கு இத்தகைய இழப்பில் 60 நாள் சிறப்பு விடுப்பு 2022 முதல் உண்டு. அலுவலகத்துக்கு அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைக் கணவரோ அண்ணனோ எடுத்துக்கொள்ளலாம்.